அண்ணியோடு மலையிறங்கிய நாள்

அண்ணி,

நேற்று மாலை என் இளைய மகள் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, "அம்மா, அட்டை கடிக்காம இருக்க என்ன செய்யணும்?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளும் ஆபீஸ் தோழிகளும் கோம்பாக் பக்கம் மலையேறப் போகிறார்களாம். தோள்பை, கனத்த காலணி, மழைச்சட்டை என்று எல்லாம் வாங்கி அடுக்கியிருக்கிறாள். எதற்குடி மலைக்குப் போகிறீர்கள், அங்கே யார் இருக்கிறார்கள் என்றேன். "சும்மா நடக்கத்தான்மா" என்றாள். சும்மா நடப்பதற்கு ஒருத்தி இத்தனை சாமான் வாங்குவாளா என்று நாக்கு நுனிவரை வந்தது, அடக்கிக்கொண்டேன். முக்குக் கடையில் புகையிலை வாங்கிவரச் சொல்லி வெந்நீரில் ஊறப்போட்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சட்டியைத் திறந்தபோது அந்தக் காட்டமான நெடி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. தும்மி முடிப்பதற்குள் நீங்கள் என் முன்னால் வந்து நின்றுவிட்டீர்கள், முழங்கால் வரை புகையிலைத் தண்ணீர் பூசிக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு.

உங்கள் கருமாதி முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உங்களிடம் பேசாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை, அதனால் எழுதுகிறேன். நீங்கள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள். பாதியிலேயே "என்ன புள்ள, இவ்ளோ நீட்டுற?" என்பீர்கள். நீட்டத்தான் போகிறேன். அன்றைக்கு நாள் முழுக்க நீங்கள் பேசினீர்கள், நான் கேட்டேன். இன்றைக்கு என் முறை.

ஜப்பான்காரன் வந்து மூன்றாம் வருஷம் அது. பால் வாங்க ஆளில்லாமல் எங்கள் ரப்பர் தோட்டம் படுத்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் என்னைக் கூட்டிக்கொண்டு கெந்திங் செம்பா கணவாய்க்கு அந்தப் பக்கம் போய், காட்டை வெட்டி மரவள்ளி போட்டுப் பிழைத்தார்கள். எனக்குப் பதினெட்டு வயது. கல்யாணமாகாத பெண்ணை வீட்டில் வைத்திருப்பது அந்தக் காலத்தில் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பதுதான். பட்டாளத்து லோரியின் சத்தம் தூரத்தில் கேட்டாலே அம்மா என்னைக் காட்டுக்குள் துரத்திவிடுவாள். சத்தம் அடங்கும்வரை நான் மூங்கில் புதருக்குள் கொசுக்கடியோடு உட்கார்ந்திருப்பேன்.

அப்படி இருந்தபோதுதான் உங்கள் தம்பியின் சம்பந்தம் வந்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ், ரயில் இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடும் பயர்மேன் வேலை. நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனி மாதத்துக் கடைசி நாள், சாயங்கால முகூர்த்தம் என்று முடிவாகியது. மறுநாள் ஆடி பிறக்கிறது. அது போதாதென்று, மறுநாள் காலையிலேயே அவர் வடக்கே போகும் ரயிலில் ஏற வேண்டும். எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அந்த ஒரு சாயங்காலத்தைத் தவறவிட்டால் மணவறையில் உட்காராத ராசியில்லாதவள் என்று எனக்குப் பெயர் வந்துவிடும், பழையபடி மூங்கில் புதர்தான். அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அப்பா மலேரியாவில் படுத்துவிட்டார். அம்மா அவரை விட்டு நகர முடியாது. "பொண்ணை நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்" என்று கிளம்பி, மரவள்ளி ஏற்ற வந்த ஒரு கரிலோரியில் தொற்றிக்கொண்டு நீங்கள் வந்து சேர்ந்தீர்கள். பெட்ரோல் இல்லாத காலம், லோரிகளெல்லாம் கரியை எரித்துப் புகை கக்கிக்கொண்டு ஓடின. நீங்கள் இறங்கியபோது முகம், கழுத்து, சேலை எல்லாம் கரி. பல் மட்டும் தெரிந்தது. "இதான் பொண்ணா? நல்லாத்தான் இருக்கு. என் தம்பிக்கு இது ஜாஸ்தி" என்று என் தாடையைப் பிடித்து ஆட்டினீர்கள். என் முகத்திலும் கரி ஒட்டிக்கொண்டது. நாத்தனார் என்றால் கடித்துக் குதறுவாள் என்று தோட்டத்துப் பெண்கள் சொல்லிக் கேட்டுப் பயந்திருந்த எனக்கு, உங்களை என்ன செய்வதென்றே புரியவில்லை.

மறுநாள் கல்யாணம். விடியும்போது திரும்ப அழைத்துப் போவதாகச் சொன்ன லோரி வரவில்லை. பட்டாளத்தார் அதைப் பிடித்துக்கொண்டு போன கதை பிறகுதான் தெரிந்தது. பனி கலைந்து ரோடு தெரியத் தொடங்கும்வரை நீங்கள் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு திரும்பி வந்து, "புள்ள, நடப்போம்" என்றீர்கள்.

அப்பா போர்வைக்குள்ளிருந்து நடுங்கிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். "எப்படிம்மா? இடையில மலை கிடக்கே."

"மலை எங்க போயிடும் மாமா? அது பாட்டுக்கு நிக்கட்டும். நாங்க பாட்டுக்குப் போறோம்."

அம்மா தன் கல்யாணச் சேலையை ஒரு சாக்குத்துணியில் சுற்றிக் கொடுத்தாள். அதுதான் எனக்கும் கூறைச்சேலை. சீர்வரிசை என்று கொடுக்க வீட்டில் வேறு ஒன்றும் இல்லாமல், தலையளவு பெரிய கருணைக்கிழங்குகளை ஒரு பிரம்புக் கூடையில் அடுக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீங்கள் அந்தக் கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என் தம்பிக்குக் கருணைக்கிழங்குன்னா உசுரு" என்றீர்கள். அது பச்சைப் பொய். அவர் சாகும்வரை அதைத் தொட்டதில்லை, நாக்கு அரிக்கும் என்பார்.

புகையிலைத் தண்ணீரைக் காலில் தடவிக்கொண்டு ஏறத் தொடங்கினோம். ரோட்டின் வளைவுகளைச் சுற்றிப் போகாமல் குறுக்கே காட்டுப்பாதையில் நீங்கள் ஏறினீர்கள். வழி எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை, கேட்க வாய் வரவில்லை. நீங்களே சொன்னீர்கள். கல்யாணமான புதிதில் நீங்களும் உங்கள் புருஷனும் இந்த ரோட்டு வேலையில்தான் இருந்தீர்களாம். "இந்த வளைவுல கிடக்குற கல்லெல்லாம் பாதி என் தலையில ஏறி இறங்குனது. மீதி அவர் தலையில" என்று ஒரு சரிவைக் காட்டினீர்கள். அவரை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு தகவலும் இல்லை. அதைச் சொன்னபோது மட்டும் உங்கள் நடை கொஞ்சம் வேகமாகியது.

முதல் ஏற்றத்திலேயே எனக்கு மூச்சு வாங்கியது. சேலைத் தலைப்பு முள்ளில் மாட்டும், நான் நிற்பேன், நீங்கள் திரும்பி வந்து பிய்த்து எடுப்பீர்கள். மழைக்குச் சரிந்த செம்மண் ஓரிடத்தில் ரோட்டையே மூடிக் கிடந்தது. நீங்கள் முதலில் ஏறி, வேரைப் பிடித்துக்கொண்டு மறுகையை நீட்டினீர்கள். நான் வழுக்கி இரண்டு முறை கீழே வந்தேன். மூன்றாம் முறை நீங்கள் என் பின்னலைப் பிடித்து இழுத்தது இன்னும் உச்சந்தலையில் வலிக்கிறது. மேலே வந்து விழுந்ததும், "கூந்தல் கெட்டியாத்தான் இருக்கு. சவுரி இல்ல" என்று சொல்லிச் சிரித்தீர்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் முன்னால் நான் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

நடுநடுவே உங்கள் தம்பியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். அவர் குறட்டை விட்டால் குவார்ட்டர்ஸே அதிரும். சோற்றில் உப்பு அள்ளிப் போடுவார். பேயென்றால் பயம். ஒரு நல்ல சங்கதியாவது சொல்வீர்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "ஒரே ஒரு நல்ல குணம் இருக்கு. அக்கா சொன்னா கேப்பான்" என்றீர்கள்.

கணவாய்க்கு மேலே ஏறி நின்றபோது மேகம் விலகி வெயில் விழுந்தது. இறங்குமுகமாகக் காடு, காடு, காடு. அதற்கப்பால் வெளுத்த சமவெளி. அங்கேதான் எங்கோ கோலாலம்பூர் என்று கையைக் காட்டினீர்கள். எனக்குப் புகைமூட்டம்தான் தெரிந்தது. ஆனாலும் பின்னால் திரும்பி, ஏறி வந்த மலையைப் பார்த்தேன். அத்தனையும் என் கால்களால் ஏறியது என்று நம்ப முடியவில்லை. காட்டுக்குள் ஒளியத் தெரிந்த பெண்ணால் காட்டைக் கடக்கவும் முடியும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். எனக்கு அப்படியொரு சந்தோஷம் அண்ணி, கத்த வேண்டும் போல இருந்தது. நான் கத்தவில்லை, நீங்கள் கத்தினீர்கள். கூடையைக் கீழே வைத்து, இரண்டு கையையும் வாயருகே குவித்து, "ஏய் கோலாலம்பூரு! பொண்ணு வருதுடோய்!" எங்கோ கிளையில் இருந்த குரங்குக் கூட்டம் பதிலுக்குக் கத்தியது. "பாத்தியா, சம்பந்தி வீட்டுக்காரங்க பதில் சொல்றாங்க" என்றீர்கள்.

உச்சி வெயிலில் ஓடைக்கரையில் உட்கார்ந்து அவித்த மரவள்ளியை உப்புத் தொட்டுத் தின்றோம். நிழல் காலடியில் இருந்தது. நீங்கள் அண்ணாந்து சூரியனைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மணி ஆயிடுச்சு. எழுந்திரு, எழுந்திரு" என்று பறந்தீர்கள். உச்சிவேளை எப்படி இரண்டு மணியாகும் என்று நான் விழித்தேன். எங்கள் மலைக்காட்டில் கடிகாரம் கிடையாது. அப்போதுதான் நீங்கள் சொன்னீர்கள், ஜப்பான்காரன் வந்ததுமே டவுனில் எல்லாக் கடிகாரத்தையும் டோக்கியோ மணிக்குத் திருப்பி வைத்துவிட்டானாம், பழைய மணிக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். "ரயில், சங்கு, அரிசி க்யூ, எல்லாம் அந்த மணிதான். பழகிப்போச்சு" என்றீர்கள். "முகூர்த்தம் ஆறுல இருந்து ஏழரை. நடையைக் கட்டு." நான் மறுபேச்சில்லாமல் எழுந்தேன். உங்களுக்கும் ஒன்றும் தோன்றவில்லை, எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

இறக்கம் ஏற்றத்தைவிடக் கொடுமை. மரம் மரமாகப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கோம்பாக் ஆற்றில் தகர்ந்த பாலத்துக்குப் பதிலாகப் போட்டிருந்த பலகைகளில் என்னைத் தவழ்ந்து வரச் சொன்னீர்கள். அடிவாரத்தில் பட்டாளத்துக் காவல் சாவடி ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் ஒரு மறைவில் என்னை நிறுத்தி, யாரோ காடு எரித்த சாம்பலை அள்ளி என் தலையிலும் முகத்திலும் பூசினீர்கள். கிழிந்த சாக்கை முதுகில் போர்த்தினீர்கள். "கல்யாணப் பொண்ணுக்கு நலங்கு வச்சாச்சு. இனிமே இருமு. நல்லா இருமு" என்றீர்கள்.

துப்பாக்கியும் கையுமாக நின்ற சிப்பாயின் முன்னால் இடுப்பை மடித்து இருவரும் கும்பிட்டோம். அவன் என்னை உற்றுப் பார்த்து ஏதோ கேட்டான். எனக்கு இருமல் வரவில்லை. நீங்கள் என்னைத் தாங்கிப் பிடிப்பதுபோல் பிடித்து என் விலாவில் ஒரு கிள்ளு கிள்ளினீர்கள் பாருங்கள்! நான் போட்ட சத்தத்தில் சிப்பாய் பின்வாங்கினான். "சாக்கிட், துவான், சாக்கிட்" என்று மூக்கைப் பொத்திக்காட்டி, பெரிய வியாதிக்காரி என்று நீங்கள் அழுத அழுகைக்கு அவன் துப்பாக்கி முனையாலேயே போ போ என்று விரட்டினான். வளைவு திரும்பியதும் ரோட்டோரத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கிள்ளின இடம் ஒரு வாரம் கன்றிப்போய் இருந்தது. அன்று ராத்திரியே உங்கள் தம்பி இது என்ன என்று கேட்டார், உங்கள் அக்கா போட்ட சீர் என்றேன்.

அதன் பிறகு செத்தாப்பா வந்து சேர்ந்தோம். கடைகளும் வீடுகளும் மனிதர்களும் கண்ணில் பட்டார்கள். என் பாதத்தில் தோல் உரிந்து செருப்பில் ஒட்டியது. ஒரு காப்பிக்கடைக்குள் சுவர்க்கடிகாரம் தொங்கியது. நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள். அப்படியே கூடையைக் கீழே வைத்துவிட்டு, கடைமுன் ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"ஏழரை" என்றீர்கள். "ஏழரை ஆயிடுச்சு புள்ள. முடிஞ்சுபோச்சு."

நாளெல்லாம் வாய் ஓயாத நீங்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதீர்கள். "உங்கப்பாகிட்ட வாக்குக் கொடுத்துட்டு வந்தேனே. என் தம்பி காத்துக் காத்து உட்கார்ந்திருப்பானே. அந்தச் சனங்க உன்னை என்ன சொல்லுவாங்க" என்று விம்மினீர்கள். எனக்கு அழுகை வரவில்லை. உங்களைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. எதிர்வெயில் கண்ணில் குத்தியது. கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். சூரியன் இன்னும் ஒரு தென்னைமர உயரத்தில் நின்றது.

அந்த நாள் முழுக்க உம், சரி, வேண்டாம் தவிர ஒரு வார்த்தை உங்களிடம் பேசாதவள், அப்போது பேசினேன். "அண்ணி, எங்கப்பா விளக்கு வைக்கிற நேரம்னுதானே சொன்னாரு. இன்னும் விளக்கு வைக்கிற நேரம் வரலையே."

முந்தானையை விலக்கி என்னைப் பார்த்தீர்கள். சூரியனைப் பார்த்தீர்கள். கடிகாரத்தைப் பார்த்தீர்கள். மறுபடியும் சூரியனைப் பார்த்தீர்கள். பிறகு உங்கள் நெற்றியில் நீங்களே ஓங்கி அறைந்துகொண்டீர்கள்.

"அடியே என் ராசாத்தி! முகூர்த்தம் குறிச்சது சூரியனைப் பார்த்துத்தானே! நான் ஜப்பான்காரன் மணியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்!"

பழைய மணிக்கு அப்போது ஆறுதான். முகூர்த்தம் முடியவில்லை, அப்போதுதான் பிறக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் நடந்தால் அதுவும் போய்விடும். சீனர் ஒருவரின் சைக்கிள் ரிக்‌ஷாவை நடுரோட்டில் கையை விரித்து மறித்தீர்கள். கருணைக்கிழங்குக் கூடையை அப்படியே அவர் காலடியில் வைத்தீர்கள். கிழங்கைக் கண்டால் யாருக்கும் கண் விரிகிற காலம், அவர் மறுக்கவில்லை. அம்மாவின் சீர் போகிறதே என்று நான் கூடையைப் பார்த்தேன். "சீர் போனா போகட்டும். சீமாட்டி போய்ச் சேர்ந்தா போதும்" என்று என்னை ஏற்றினீர்கள்.

அந்த ரிக்‌ஷாப் பயணத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. நான் டவுனைப் பார்ப்பதே அன்றுதான் முதல் தடவை. நீங்கள் ஈர முந்தானையால் என் முகத்துச் சாம்பலைத் தேய்த்துக்கொண்டே, "செப்பாட்! செப்பாட்!" என்று அவரை விரட்டினீர்கள். அவரும் சும்மா சொல்லக்கூடாது, எழுந்து நின்று மிதித்தார். திடலோரத்துப் பெரிய மணிக்கூண்டைத் தாண்டும்போது அது எட்டு அடித்தது. நீங்கள் அதைப் பார்த்துக் கைநீட்டி, "நீ பாட்டுக்கு அடிச்சுக்க! எங்க மணி வேற!" என்று கத்தினீர்கள். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே என்று நானும் தலையை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

குவார்ட்டர்ஸ் வாசலில் வாழை மரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். சனம் பாதி கலைந்துவிட்டது. பண்டாரம் பூசைச் சாமானைத் துணிப்பையில் போட்டு முடிந்துகொண்டிருந்தார். பட்டு வேட்டியோடு ஒருவர் படியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர்தான் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. உங்கள் சித்தப்பா சட்டைப்பைக் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டி, "மணி எட்டேகால்! இப்பதான் வர்றீங்களா? முகூர்த்தம் போயி எவ்ளோ நேரமாச்சு!" என்றார்.

நீங்கள் ரிக்‌ஷாவிலிருந்து குதித்தீர்கள். "சித்தப்பா, பஞ்சாங்கம் என்ன டோக்கியோவுலயா அச்சடிச்சது?"

ஒருவருக்கும் புரியவில்லை. நீங்கள் மேற்கே கையை நீட்டினீர்கள். ரயில் கொட்டகைக் கூரைக்கு மேல் சூரியன் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது. பண்டாரம் அதைப் பார்த்தார். பையை அவிழ்த்துப் பஞ்சாங்கத்தை எடுத்துப் பிரித்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "அட, அந்திவேளைன்னுதான் போட்டிருக்கு. நானும் கடிகாரத்தைத்தானே பார்த்தேன்" என்றார். கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். மூன்று வருஷமாய் அந்த மணிக்கு எழுந்து, அந்த மணிக்குத் தூங்கி, சூரியனையே மறந்துபோயிருந்த சனம். அவிழ்த்த வாழை மரத்தை மறுபடியும் கட்டினார்கள். சித்தப்பா கடிகாரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, என் அப்பா ஸ்தானத்தில் தானே நிற்பதாக முன்வந்தார்.

அம்மாவின் சேலையை உடுத்தி, சாம்பல் போகாத தலையோடு மணவறையில் உட்கார்ந்தேன். தங்கம் ஏது அப்போது? மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்குதான் தாலி. உங்கள் தம்பி முதல் முடிச்சைப் போட்டார். மற்ற இரண்டும் மாப்பிள்ளையின் அக்கா போட வேண்டியது. எனக்குப் பின்னால் நீங்கள் இல்லை. கண்ணோரத்தில் தேடினேன். கதவோரமாக ஒதுங்கி நின்றீர்கள். மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட தங்கை முறையில் ஒரு பெண்ணை என் பின்னால் நகர்த்திக்கொண்டே உங்கள் சித்தி குசுகுசுத்தாள். "சயாமுக்குப் போனவன் உசுரோட இருக்கானோ இல்லையோ. நல்ல காரியத்துல எதுக்கு வம்பு?"

மலையை ஏறி இறங்கியவர், சிப்பாயை அழுதே விரட்டியவர், மணிக்கூண்டோடு சண்டை போட்டவர், அந்த ஒரு சொல்லுக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை அண்ணி.

கயிற்றின் இரு நுனிகளையும் நான் என் கையால் பிடித்துக்கொண்டேன். கல்யாணப் பெண் வாயைத் திறக்கக்கூடாது என்பதெல்லாம் தெரியும். "என்னை மலையிறக்கிக் கூட்டியாந்தவங்க முடிச்சுப் போடட்டும். இல்லாட்டி இப்படியே எழுந்து அந்த ரோட்டுலயே திரும்பி நடப்பேன்" என்றேன். நடந்திருப்பேன், என் கால்களை அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் தம்பி முதன்முதலாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "அக்கா, வா" என்று மட்டும் சொன்னார்.

சூரியன் மறைவதற்குள் நீங்கள் வந்தீர்கள். முள் கீறிய விரல்கள் என் பிடரியில் உரசின. முடிச்சை இறுக்கிய இறுக்கில் எனக்கு மூச்சு முட்டியது.

யுத்தம் முடிந்து சயாமிலிருந்து ரயில்கள் வந்தபோது ஒவ்வொன்றுக்கும் நீங்கள் ஸ்டேஷனுக்குப் போனீர்கள். என் மூத்தவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் வந்தேன். உங்கள் புருஷன் எந்த ரயிலிலும் இறங்கவில்லை. என் புருஷன் போன வேலையை முடித்துத் திரும்பி வந்து, நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக என்னோடு வாழ்ந்து, உங்கள் சொல்லையும் கேட்டு, என் சொல்லையும் கேட்டு, குறட்டையும் விட்டார். மஞ்சள் கிழங்கு தங்கமாகியது. ஆனால் ஒவ்வொரு தடவை கயிறு மாற்றும்போதும் உங்கள் வீட்டுக்கு வந்துதான் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

அவர் போன பதினாறாம் நாள், தாலியை இறக்க உறவுக்காரப் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நீங்கள் கைத்தடியை ஊன்றி எழுந்து நடுவில் வந்து நின்றீர்கள். உங்களுக்கு அப்போது முதுகு வளைந்துவிட்டது, குரல் வளையவில்லை.

"மூணு முடிச்சுல ஒண்ணுதான் என் தம்பி போட்டது. அவன் போயிட்டான், சரி. ரெண்டு நான் போட்டது. நான் இங்க முழுசா நிக்கிறேன்லா. எவ கையை வைக்கிறா பாப்போம்."

ஒருத்தியும் கையை வைக்கவில்லை.

போன மாதம் உங்கள் கருமாதிக்கு வந்த ஒருத்தி என் கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பிட்டுக் கைகழுவும்போது பக்கத்தில் வந்து, "அவங்களும் போயிட்டாங்களே அக்கா, இனியாச்சும் எடுத்திடலாமே" என்றாள். பாவம், கெட்டவள் இல்லை, முறையைச் சொன்னாள்.

நான் முந்தானையை ஒதுக்கித் தாலியைச் சேலைக்கு மேலே தெரிய எடுத்துப் போட்டுக்கொண்டேன். "முடிச்சுப் போட்ட ரெண்டு பேரும் போயிட்டாங்கதான். மலையிறங்கி வந்து கழுத்தை நீட்டினவ நான் இருக்கேன்ல" என்றேன்.